கார்ட் கழற்றப்படவில்லை

அடுத்த மாதத்திலிருந்து இந்த வேலையில் நான் இல்லை. ஓய்வு பெறுகிற வயதில்லை, முப்பத்திரண்டுதான். ஆனால் ஒன்பது வருடமாக ஒரு கணினிச் சில்லுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது, எப்போது வெட்டுவது என்பதையே யோசித்துக் களைத்துப்போனேன். கணினியின் உட்கருவான கர்னலுக்குள், சில்லுகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், போவதற்கு முன் ஏதாவது எழுதிவையுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். எந்த ரெஜிஸ்டரில் எந்த பிட் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அது கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் பிழையும் இருக்கிறது. அதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். நான் எழுதப்போவது என் கையெழுத்தோடு போன இரண்டு கடிதங்களைப் பற்றி.

என்னைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா மட்டக்களப்பில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். இங்கே டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறார். வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களைப் பதினொரு வயதிலிருந்து வாசித்ததும் பதில் எழுதியதும் நான்தான். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எனக்கும் வந்ததில்லை. அந்தப் பெருமையை நான் மறைக்கப்போவதில்லை, அது உழைத்து வாங்கியது. ஆனால் அதனால்தான் இந்தப் பிழை நடந்தது.

எங்கள் நிறுவனம் சிறியது, டவுன்டவுனில் ஒரு கட்டிடத்தின் நான்காம் மாடி. விமான நிலையத்தில் பொதி வண்டிகளை இழுத்துச் செல்லும் இழுவை வண்டிகளுக்கு ஒரு கறுப்புப் பெட்டி செய்தோம். வேகம், பிரேக், மோதலின் அதிர்வு எல்லாவற்றையும் அது ஒரு மெமரி கார்டில் எழுதும். அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் முழுவதும் என்னுடையது. டோர்வலில் பொதி ஏற்றி இறக்கும் ஒரு ஒப்பந்தக்காரர் தன் வண்டிகள் அத்தனைக்கும் அந்தப் பெட்டியை வாங்கிப் பூட்டினார். அம்மா அந்த வண்டிகளைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். பார்க்கிற எல்லோரிடமும், "அதுக்குள்ள இருக்கிறது என்ர மகள் செய்தது," என்று சொல்லியும் வைத்தார்.

ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை மேலாளர் வீடியோ அழைப்பில் வந்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வாடிக்கையாளரிடமிருந்து ஒரு கேள்வி. ஒரு இழுவை வண்டி, நின்றுகொண்டிருந்த விமானத்தின் பொதிக் கதவில் உரசிவிட்டது. சாரதி பிரேக் அடித்தேன், பிடிக்கவில்லை என்கிறான். பெட்டியில் அந்த நேரத்துப் பதிவு இல்லை. 'கார்ட் கழற்றப்பட்டது' என்று ஒரு வரி, இருபது நிமிடம் கழித்து 'கார்ட் செருகப்பட்டது' என்று இன்னொரு வரி. கார்டைக் கழற்றாமல் இந்த வரிகள் வர வழியிருக்கிறதா?"

"இல்லை," என்றேன்.

"நிச்சயமா?"

"அந்த டிரைவரை எழுதியது நான்."

அப்படியென்றால் அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு என்றார். எழுதினேன். எங்கள் சோதனைப் பலகை வாரக்கணக்காக, இரவு பகலாகத் தானே நின்று தானே தொடங்கி ஓடியிருக்கிறது, ஒருமுறையும் கார்ட் காணாமல் போகவில்லை என்று விளக்கினேன். கடைசி வரி இப்படி இருந்தது: "கார்ட் கையால் கழற்றப்பட்டால் மட்டுமே இந்தப் பதிவு உண்டாகும்." பிரெஞ்சு இலக்கணம் ஒருமுறை பார்த்தேன். அழகான கடிதம். பெயர் போட்டு அனுப்பிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனேன்.

புதன்கிழமை மத்தியானம் அம்மா வேலை இடைவேளையில் கூப்பிட்டார்.

"மகள், யோகன் எண்டு எங்கட பக்கத்து ஆள் ஒருத்தர் நிக்கிறார். வண்டி ஓடுறவர். உன்னோட ஒருக்காக் கதைக்கோணுமாம்."

"வேலையா இருக்கிறன் அம்மா. மறுகா எடுக்கிறன்."

"மறுகா எண்டா மனுசன் போயிடும். இந்தா, கதை."

போன் கைமாறியது. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"புள்ள, வணக்கம். கரைச்சல் தாறதுக்கு மன்னிக்கோணும். அந்தப் பெட்டி உங்கட தானே?"

"ஓம் அண்ணை."

"நான் கார்டைக் கழட்டினனாம். ஆரோ ஒரு இஞ்சினியர் கடிதம் குடுத்திருக்காம். எனக்கு அந்தப் பெட்டியை எந்தப் பக்கத்தால திறக்கிறது எண்டே தெரியாது. வெள்ளிக்கிழமை விசாரணை. பாஸை வாங்கி வச்சிட்டாங்கள். பாஸ் இல்லாட்டி விமான நிலையத்துக்குள்ள ஒரு வேலையும் இல்லை, தெரியும்தானே? பதினாலு வருசம் புள்ள. மோதினதுக்கு நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். கள்ளன் எண்டு அனுப்பக் கூடாது."

அந்த இஞ்சினியர் நான்தான் என்று நான் சொல்லவில்லை. "பாக்கிறன் அண்ணை," என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. படித்த பிள்ளை ஒன்று இருக்கிறது, பிடித்தால் எதையும் மாற்றித் தரும் என்ற எண்ணத்தோடு எத்தனை பேர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்! பெட்டி சொன்னதை நான் எப்படி மாற்றுவது?

ஆனால் அவர் சொன்ன ஒன்று மனதைவிட்டு நகரவில்லை. எந்தப் பக்கத்தால் திறப்பது என்று தெரியாது. பொய் சொல்கிறவர் இப்படி ஒரு வசனத்தைத் தேடிப் பிடிக்கமாட்டார். தவிர, அந்தப் பெட்டியின் மூடியில் நான்கு திருகாணிகள். விமானத்தில் உரசிய பதற்றத்தில், எல்லோரும் ஓடி வருகிற நேரத்தில், நான்கு திருகாணிகளைக் கழற்றுகிற மனிதர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று கடிதம் எழுதும்போது நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. பதிவை மட்டுமே பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை மெட்ரோ பிடித்து நான்காம் மாடிக்குப் போனேன். நாங்கள் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கி நீண்ட காலம். சோதனைப் பலகை மட்டும் அங்கே இருக்கும். அதைத் திரும்பத் தொடங்க வேண்டுமென்றால், வீட்டிலிருந்தபடியே அதன் சுவர்ப் பிளக்கின் மின்சாரத்தை அணைத்துப் போடுவோம். அதற்கென்று இணையத்தால் இயக்கும் ஒரு பிளக் பூட்டியிருந்தோம். அங்கே தினமும் வருகிற ஒரே ஆள் ரேவதி. சென்னைக்காரி, பலகைகளை வடிவமைப்பவள். பாகங்களைப் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்னை வீட்டிலிருந்து பிடிக்க முடியாதே.

"வா மேடம். வழி தெரிஞ்சுதா? இல்ல, மேப் போட்டுட்டு வந்தியா?"

"கேலி வேண்டாம் ரேவதி. ஒரு மீட்டர் தா."

நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வண்டியில யாரு வந்து பிளக்கைப் பிடுங்கிப் போடறாங்க?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

மெமரி கார்டுக்கு இரண்டு மின்சாரம் தேவை. ஒன்று கார்டுக்கே. மற்றது கார்டும் அதை வாசித்து எழுதும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் கம்பிகளுக்கு. பேச்சு 3.3 வோல்ட்டில் தொடங்கும். வேகம் வேண்டுமென்றால் இரண்டும் சம்மதித்து 1.8க்கு இறங்கும். இறங்கிய கார்ட் தானாக ஏறி வராது. அதன் மின்சாரத்தை ஒருமுறை முழுதாக வெட்டினால்தான் பழைய நிலைக்கு வரும். ஆகவே ஒவ்வொரு தொடக்கத்திலும் டிரைவர், மின்சாரத்தை அளந்து தரும் ரெகுலேட்டரிடம் 'வெட்டு' என்று சொல்லி, சற்றுப் பொறுத்து, 'கொடு' என்று சொல்ல வேண்டும். என் டிரைவர் அதைச் சொன்னது. கர்னல் பூச்சியம் என்று பதில் தந்தது. பூச்சியம் என்றால் பிழை எதுவும் இல்லை. வெட்டப்பட்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கினால் எல்லாமே அணைந்துவிடும். டிரைவர் சரியாக வெட்டியதா இல்லையா என்பது வெளியே தெரியவே தெரியாது. வண்டியிலோ ஒருவரும் பிளக்கைப் பிடுங்குவதில்லை. ப்ராசசர் உறைந்துபோனால் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் அதை மட்டும் உதைத்து எழுப்பும். கார்டின் மின்சாரம் அப்படியே இருக்கும். வீட்டில் இருந்தபடி வாரக்கணக்காக நாங்கள் சோதித்தது, வண்டியில் ஒருநாளும் நடக்காத ஒன்றை.

ரேவதி மீட்டரின் ஊசியைக் கார்டின் மின்சாரக் கம்பியில் வைத்தாள். பலகைக்கு மின்சாரம் தரும் பெட்டியின் குமிழை ஒரு கணம் கீழே திருப்பி உடனே மேலே ஏற்றினாள். மோதலில் வண்டியின் பட்டரி இணைப்பு குலுங்கினால் இப்படித்தான் இருக்கும் என்றாள். திரை உறைந்தது. வாட்ச்டாக் உதைத்தது. கர்னல் மறுபடி தொடங்கியது. என் டிரைவர் 'வெட்டு' என்றது, பூச்சியம் என்று பதில் வந்தது.

"இப்ப மீட்டரைப் பாரு," என்றாள் ரேவதி.

3.3. அசையவில்லை.

"உன் டிரைவர் ஆஃப்ங்குது. என் மீட்டர் ஆன்ங்குது. யாரை நம்பப் போற?"

திரையில் ஒரு வரி வந்தது. கார்ட் கழற்றப்பட்டது. நாங்கள் இருவரும் அதைத் தொடவேயில்லை; அது எங்கள் கண் முன்னால் செருகியபடியே இருந்தது. கன்ட்ரோலர் 3.3இல் கூப்பிட்டது, கார்ட் 1.8இலேயே நின்றது, பதில் இல்லை, பதில் இல்லாத கார்டைக் கழற்றப்பட்ட கார்ட் என்று எழுதச் சொன்னதும் என் கைதான். பிறகு ரேவதி முழு மின்சாரத்தையும் அணைத்துப் போட்டாள். கார்ட் செருகப்பட்டது. யோகன் அண்ணையின் பதிவில் இருந்த அதே இரண்டு வரிகள். விபத்து நடந்து இருபது நிமிடத்தில் மேற்பார்வையாளர் வந்து வண்டியை நிறுத்தித் திரும்ப இயக்கியிருப்பார்.

"ஏன் வெட்டுப்படவில்லை?" என்று நானே கேட்டு, நானே படத்தை விரித்தேன். இரண்டாம் பதிப்புப் பலகையில் ஒரு பாகத்தை மிச்சப்படுத்த, அதிர்வு அளக்கும் சென்சரையும் கார்டின் ரெகுலேட்டரிலேயே சேர்த்திருந்தோம். ஒரு ரெகுலேட்டருக்கு இரண்டு பேர் இருந்தால் கர்னல் எண்ணிக்கை வைத்துக்கொள்ளும். ஒருவர் வேண்டாம் என்றால் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும், சரி என்று பதில் சொல்லும், மற்றவருக்காக மின்சாரத்தை விட்டு வைக்கும். அது பொய் சொல்லவில்லை. நான் கேட்டது ஒன்று, அது பதில் சொன்னது இன்னொன்று.

"படம் நான் வரைஞ்சது," என்றாள் ரேவதி. "டிரைவர்ல மாத்தணுமான்னு கேட்டு ஒரு தாள் அனுப்பினேன். 'தேவையில்லை'ன்னு கையெழுத்துப் போட்டது நீ."

"தெரியும்."

"சண்டை போடல. சொல்றேன்."

திருத்தம் சின்னது. சென்சர் தன் பங்கைக் கேட்பதற்கு முன்பே கார்டின் மின்சாரத்தை வெட்டி, காத்திருந்து, கொடுத்துவிட வேண்டும். வரிசையை மாற்றினால் போதும். மத்தியானத்துக்குள் முடிந்தது. மீட்டர் பூச்சியம் வரை விழுவதை நான் பார்த்தேன். ஆனால் விபத்துக்கு முந்திய நிமிடம் திரும்பி வராது. கார்டில் எழுதுவதற்காகக் காத்திருந்த அந்த நிமிடம் ப்ராசசரோடு சேர்ந்து அழிந்துபோயிருந்தது. மோதலைப் பதிவதற்காகச் செய்த பெட்டி, மோதும்போதுதான் பதிவை இழந்திருக்கிறது.

மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அந்த வாரம் அதே ஒப்பந்தக்காரரோடு புது ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். இருபது பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர்.

"நல்லது, கண்டுபிடித்துவிட்டாய்," என்றார். "அடுத்த பதிப்பில் சேர்த்து அனுப்பு. 'நிலைத்தன்மை மேம்பாடு' என்று குறிப்பு போதும்."

"நாளை விசாரணை."

"அது அவர்களுடைய விசாரணை. நம்மை யாரும் கூப்பிடவில்லை."

"என் கடிதத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள்."

"சரி. கவனமாக எழுது. புது ஒப்பந்தத்துக்குக் கதவைச் சாத்தாதே," என்றார்.

கவனமாக எழுதினேன். 'சில அபூர்வமான சூழ்நிலைகளில், குறிப்பிட்ட மின்னழுத்த மாறுபாடுகளின்போது, கார்டின் நிலை பிழையாகப் பதிவாகும் சாத்தியத்தை முற்றாக மறுக்க முடியாது.' இப்படி ஒரு பத்தி. பிழையே இல்லாத பிரெஞ்சு. ரேவதிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கீழே டெபனர் கடையில் வாங்கி வந்த சமோசாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு கழட்டினாரா இல்லையா?"

"கழட்டேல்ல."

"அது இதுல எங்க இருக்கு?"

இல்லை. பத்தி முழுவதும் தேடினாலும் இல்லை. முதல் கடிதத்தில் ஒரு மனிதரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒரு நேர் வசனம் போதுமாக இருந்தது. இரண்டாம் கடிதத்தில் என்னைச் சொல்ல இத்தனை அபூர்வங்கள் தேவைப்பட்டன.

அம்மாவைக் கூப்பிட்டு, யோகன் அண்ணையிடம் சொல்லச் சொன்னேன்: அந்தக் கடிதம் நான் எழுதியது, அது பிழை, பிழை என்று இன்னொரு கடிதம் இன்றைக்கே போகும்.

"நீயே பிழை எண்டு எழுதப் போறியா?"

"ஓம்."

"பேர் போட்டா?"

"ஓம் அம்மா."

"இவ்வளவு படிச்சுப்போட்டு," என்றார். திட்டுவதுபோல அல்ல, ஏதோ கைதவறி உடைந்த பாத்திரத்தைப் பார்க்கிற குரலில். நான் அழவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிடக் கூட வலிக்கும். நம் பிழை நம்முடையது மட்டுமல்ல என்று நினைத்துக்கொண்டே வளர்ந்திருப்போம். அதற்காகத்தான் பிழை இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு அளக்கப் போவோம். நான் அப்படித்தான் செய்தேன். நீங்கள் முதலில் அளந்து பாருங்கள்.

கடிதத்தை மறுபடி எழுதினேன். "திங்கட்கிழமை நான் அனுப்பிய கடிதம் பிழையானது. கார்ட் கழற்றப்படவில்லை. கையால் தொடாமலே அதே இரண்டு வரிகளும் உண்டாவதை இன்று செய்து பார்த்தோம். குறை என்னுடைய டிரைவரில் இருக்கிறது." கீழே செய்து பார்த்த முறையை, அவர்களே செய்து பார்க்கக்கூடிய விதத்தில் எழுதினேன். மேலாளருக்குப் பிரதி வைத்து ஒப்பந்தக்காரருக்கு அனுப்பினேன். மேலாளர் அன்று பதில் போடவில்லை. அடுத்த வாரம், பெட்டிகள் எல்லாவற்றிலும் டிரைவரை மாற்றும் அட்டவணையை மட்டும் கேட்டார். புது ஒப்பந்தம் தள்ளிப்போனது. வராமலும் போகவில்லை, ஆனால் அதன் பிறகு முக்கியமான கூட்டங்களுக்கு என்னை முதல் ஆளாகக் கூப்பிடுவது நின்றது. நான் போவதற்கு அது காரணமா என்று கேட்பீர்கள். கொஞ்சம்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு யோகன் அண்ணை தானே என் நம்பருக்கு எடுத்தார். பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கார்டைக் கழற்றியதாகச் சொன்ன பகுதியை முழுதாக வெட்டிவிட்டார்கள். உரசியதற்கு மட்டும் எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை. பிரேக் அடித்ததற்கு ஆதாரம் இல்லையாம்.

"உங்கட கடிதத்தை வாசிச்சவங்கள் புள்ள. எனக்கு பிரெஞ்சு அரைகுறை. கார்ட் கழட்டேல்ல எண்ட இடம் விளங்கினது. பெரிய உபகாரம்."

"உபகாரம் இல்லை அண்ணை. முதல் கடிதமும் நான்தானே."

"அம்மா சொன்னவ." கொஞ்சம் சிரித்தார். "முதல்ல கோவம்தான் வந்தது. மறுகா நினைச்சன், இந்த இடத்தில பிழை எண்டு எழுதின ஆளை நான் இதுவரைக்கும் காணேல்ல."

பின்னால் பெல்ட் ஓடும் இரைச்சல் கேட்டது. வேலைக்குத் திரும்பிவிட்டார்.

"ஒண்டு கேக்கட்டா புள்ள? நான் பிரேக் அடிச்சனான் எண்டும் அதில ஒரு வரி எழுதியிருக்கலாம்தானே?"

"பதிவு இல்லை அண்ணை. எனக்குத் தெரியாததை எழுத ஏலாது."

"நான் சொல்றன்தானே."

"நீங்க சொல்றது எனக்குப் போதும். கடிதத்துக்குப் போதாது."

அவர் கோபப்படவில்லை. யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"இந்தப் பெட்டி வர முதல், நாங்க பிரேக் அடிச்சம் எண்டு சொன்னா, அடிச்சவன் எண்டு நம்பினவங்கள் புள்ள."

பெல்ட்டின் இரைச்சல் கூடியது.

"சரி, பொதி வந்திட்டு. வைக்கிறன்," என்றார்.